குலுங்காத முதுகு

ஆடி மாதம் அந்தியூர் புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் திருவிழாவோடு பெரிய கால்நடைச் சந்தையும் கூடும். சேலம், நாமக்கல் சீமையில் குதிரை வைத்திருப்பவர்கள் சங்ககிரி, குமாரபாளையம் வழியாகக் காவிரிப் பாலத்தைக் கடந்து, பவானியைத் தொட்டு அங்கே போய்ச் சேருவார்கள். கூட்டம் பெரும்பாலும் பால்வெள்ளை நுக்ராவையும், கொட்டுக்கு ஆடும் நாட்டியக் குதிரையையும் மொய்த்து நிற்கும். நான் தேடிப் போய்ப் பார்ப்பது கத்தியவாரை. குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியில் உருவான இனம் அது. கழுத்து முதுகோடு சேரும் மேட்டில் அளந்தால் பெரும்பாலும் ஐந்தடிக்குள்தான் உயரம். காது இரண்டும் உள்பக்கமாக வளைந்து நுனியோடு நுனி முட்டி நிற்கும். அந்தக் காதை வைத்துத்தான் எல்லோரும் இனத்தை அடையாளம் காண்கிறார்கள். அதைவிடப் பெரிய அதிசயம் அதன் காலில் இருக்கிறது.

சாதாரணக் குதிரை, நடையை விட்டு வேகம் எடுத்ததும் துள்ளுநடைக்கு மாறும். இடது முன்னங்காலும் வலது பின்னங்காலும் ஒரு ஜோடி. மற்ற இரண்டும் இன்னொரு ஜோடி. ஒரு ஜோடி மண்ணை விட்டு, அடுத்த ஜோடி மண்ணைத் தொடுவதற்குள் குதிரை முழுக்கக் காற்றில் மிதக்கும். மிதந்தது இறங்கத்தானே வேண்டும்? இறங்கும்போது மேலே இருப்பவரின் இடுப்பில் ஓர் இடி விழும். நிமிடத்துக்குச் சுமார் 150 இடி என்றால் ஒரு மணி நேரத்தில் 9,000. பஸ்ஸும் காரும் வராத காலத்தில் வரி வசூலுக்கும் தபாலுக்கும் நாள் முழுக்கக் குதிரைமேல் இருந்தவர்களின் முதுகு என்ன பாடு பட்டிருக்கும்!

இந்த இடியைத் தவிர்க்கக் கத்தியவாரிடம் ஒரு வழி இருக்கிறது. குதிரைக்காரர்கள் அதை ரேவால் என்பார்கள்; பக்கநடை என்று வைத்துக்கொள்வோம். இடப்பக்கத்துக் கால்கள் இரண்டும் ஏறக்குறையச் சேர்ந்து முன்னே வரும். அடுத்து வலப்பக்கத்துக் கால்கள் இரண்டும். நல்ல பக்கநடையில் பின்னங்கால் ஓர் இமைப்பொழுது முந்தி இறங்கும். சூட்சுமம் முழுவதும் அந்தச் சின்ன இடைவெளியில்தான். ஒரு கால் ஏந்திய பாரத்தை அடுத்த கால் வாங்கிக்கொள்ள, உடம்பு மேலே எழும்பவே தேவையில்லாமல் போகிறது. எழும்பாத உடம்பு எப்படி விழும்? ஐஸ்லாந்தின் சிறிய குதிரைகளிடமும் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு நடை உண்டு. அதன் பெயர் டோல்ட். ததும்பும் பியர் கோப்பையைக் கையில் பிடித்தபடி, சிந்தாமல் குதிரை ஓட்டுவது அங்கே ஒரு போட்டியாகவே நடக்கிறது.

நாலு காலும் எந்த வரிசையில் விழுகின்றன என்பது ஓடும் குதிரையில் வெறும் கண்ணுக்குப் பிடிபடாது. அமெரிக்காவில் எட்வர்ட் மைப்ரிட்ஜ் 1878-ல் வரிசையாகக் கேமராக்களை வைத்து ஓடும் குதிரையைப் படம் பிடித்த பிறகே, ஓடும்போது நாலு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புமா என்ற சர்ச்சை தீர்ந்தது. ஆனால் கண் தோற்கும் இடத்தில் காது ஜெயிக்கும். கெட்டித் தரையில் ஓடவிட்டுக் கேளுங்கள். துள்ளுநடை இரண்டிரண்டாக விழும்: தக, தக. நல்ல பக்கநடையில் நாலும் தனித்தனியாகக் கேட்கும்: தகதிமி, தகதிமி.

இந்தத் தாளத்தை ஒவ்வோர் அடிக்கும் மூளை கணக்குப் போட்டுத் தருவதில்லை. முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடத்தில் நரம்பணுக்கள் சிறு சிறு பின்னல்களாக அமைந்திருக்கின்றன. மூளை 'போ' என்று சொன்னால் போதும். எந்தத் தசை எப்போது சுருங்க வேண்டும் என்பதை இந்தத் தாளப் பின்னல்களே பார்த்துக்கொள்ளும். இடதும் வலதும் மோதிக்கொள்ளாதபடி நடுக்கோட்டைத் தாண்டிச் சேதி சொல்லும் அணுக்களும் அவற்றில் உண்டு.

2012-ல் ஸ்வீடனின் உப்சாலாவில் இரண்டு ஆய்வுகள் ஒரே புள்ளியில் வந்து சந்தித்தன. லேய்ஃப் ஆண்டர்சனின் குழு ஐஸ்லாந்துக் குதிரைகளின் மரபணுவைத் துருவிக்கொண்டிருந்தது. கிளாஸ் குலாண்டரின் குழு எலிகளின் தண்டுவடத்தை ஆராய்ந்துகொண்டிருந்தது. இரண்டு பேர் கையிலும் சிக்கியது டிஎம்ஆர்டி-3 என்ற ஒரே மரபணு. அது வேலை செய்யும் இடம், நடுக்கோட்டைத் தாண்டும் அதே அணுக்கள். பக்கநடைக் குதிரைகளில் அந்த மரபணுவின் ஓர் எழுத்து மாறியிருந்தது. அதனால் அது உருவாக்கும் புரதம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. குதிரையின் மரபணுத் தொகுதியில் சுமார் 270 கோடி எழுத்துகள் உண்டு. முந்நூறு பக்கப் புத்தகமாக அச்சிட்டால் ஏறத்தாழ 6,000 புத்தகங்கள் வரும். ஒரு நல்ல ஊர் நூலகம். அந்த நூலகம் முழுவதிலும் ஒரே ஓர் எழுத்துப்பிழை, குதிரையின் நடையையே மாற்றிவிட்டது.

இந்தப் பிழை இப்போது உலகின் பல இனங்களில் இருக்கிறது. பழைய எலும்புகளில் தேடியபோது, இங்கிலாந்தின் யார்க் நகரில் கிடைத்த 9-ஆம் நூற்றாண்டுக் குதிரைகளில் அது அகப்பட்டது. சொகுசான நடைக்காக மனிதர்கள் அதைத் தேடித் தேடிப் பெருக்கியிருக்கிறார்கள். எல்லாப் பக்கநடைக்கும் இந்த ஓர் எழுத்துதான் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. வேறு மரபணுக்களுக்கும், உடல்வாகுக்கும், பழக்குபவரின் கைக்கும் அதில் பங்கு உண்டு.

குதிரையைப் பெருக்குவது பொறுமைக்காரர்களின் வேலை. பதினோரு மாதச் சினை, பெரும்பாலும் ஒரே குட்டி. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நின்றுவிடும். தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்துக்கு ராஜஸ்தானின் பிகானேரில் உள்ள கிளையில் 2023-ல் மார்வாரி இனக் குட்டி ஒன்று வாடகைத் தாய் மூலம் பிறந்தது. நல்ல பெண் குதிரையின் கருவை வேறொரு குதிரையின் வயிற்றில் வைத்து வளர்க்கும் முறை அது. அருகிவரும் நம் நாட்டு இனங்களுக்கு இது பெரிய கதவு.

இனி வளர்ப்பு. ஆடுமாடு வளர்த்துப் பழகிய கை குதிரையிடம் ஏமாந்துபோவது தீவனத்தில்தான். மாட்டுக்கு நொதிக்கும் பானை முன்னால், குதிரைக்குப் பின்னால். குதிரையின் இரைப்பை 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். புல்லின் நாரை உடைக்கும் நுண்ணுயிர்கள் அதற்குப் பிறகு வரும் பெருங்குடலில் குடியிருக்கின்றன. அதனால் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, நாள் முழுக்கத் தீனி வேண்டும். ஒரே வேளையில் கொள்ளைக் கொட்டினால் வயிறு உப்பும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. இரைப்பையின் வாய் உள்ளே விடும், வெளியே விடாது. வயிற்றுவலியில் அது புரள ஆரம்பித்தால் உயிர் ஊசலாடுகிறது என்று பொருள். கொள்ளை ஊறவைத்தோ வேகவைத்தோ அளவாகக் கொடுப்பதும், முதலில் புல் தின்னவிடுவதும் இதற்காகத்தான்.

நாமக்கல்லில் இன்னோர் எச்சரிக்கை தேவை. கோழிப்பண்ணைகள் நிறைந்த ஊர் இது. தீவன மூட்டை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். குஞ்சுகளுக்கு ரத்தக் கழிச்சல் வராமலிருக்க, சில கோழித் தீவனங்களில் மோனென்சின் என்ற மருந்தைக் கலப்பார்கள். கோழிக்கு அது காவல், குதிரைக்கு விஷம். கோழியின் உயிரை எடுக்கத் தேவைப்படும் அளவில், உடல் எடைக்கு எடை பார்த்தால், நூறில் ஒரு பங்கே குதிரைக்குப் போதும். 350 கிலோ குதிரைக்கு ஒரு கிராமுக்கும் குறைவு. அது நேராக இதயத் தசையைத் தாக்கும். முறிக்கும் மருந்தும் கிடையாது. கோழித் தீவனம் கலந்த அதே தொட்டியில், அதே மண்வெட்டியால் குதிரைத் தீவனத்தைக் கலக்கவே கூடாது. சந்தேகம் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்விட வேண்டும்.

வெயிலைப் பற்றிக் கவலை குறைவு. குதிரையின் வேர்வையில் லேத்தரின் என்ற சோப்பு போன்ற புரதம் இருக்கிறது. எண்ணெய்ப் பசையுள்ள மயிரில் வேர்வை உருண்டு ஓடாமல் பரவி ஈரமாக்கி, உடம்பைக் குளிரவைப்பது அதுதான். ஓடிவந்த குதிரையின் கழுத்தில் நுரை கட்டுவதும் அதனால்தான். நிழலும் தண்ணீரும் இருந்தால் சித்திரை வெயிலையும் கத்தியவார் தாங்கும்.

சந்தையில் பேரம் நடக்கும்போது பல்லைப் பிடித்து வயதைப் பார்க்கிறார்கள், நிறம் பார்க்கிறார்கள், சுழி பார்க்கிறார்கள். நெற்றிச் சுழி சுற்றும் திசைக்கும், குதிரை இடம், வலம் என எந்தப் பக்கத்தை விரும்புகிறது என்பதற்கும் தொடர்பு இருப்பதாக அயர்லாந்து ஆய்வு ஒன்று 2008-ல் சொன்னது; ஆகவே சுழியை அடியோடு தள்ள நான் தயாரில்லை. ஆனால் ஒரு சுழிக்காக ஆயிரக்கணக்கில் விலை ஏறி இறங்கும் இடத்தில், நடைக்கு விலையே பேசப்படாதது எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை நூற்றாண்டு தேர்ந்தெடுத்து வளர்த்த செல்வம் அது. கொட்டுமேளத்தை நிறுத்தச் சொல்லுங்கள். குட்டி வாங்குவதானால் தாயை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பிறகு குட்டியைக் கயிறில்லாமல் அவிழ்த்துவிடச் சொல்லி, யாரும் பழக்காத அந்தக் கால்கள் தாமாக எந்தத் தாளத்தில் விழுகின்றன என்று கேட்டுவிட்டு விலையைப் பேசுங்கள்.