வில் பிடிக்கக் கற்பிப்போர்

கொல்லிமலைச் செம்மேட்டில் ஆடிப்பெருக்கையொட்டி ஆண்டுதோறும் அரசாங்கம் நடத்தும் வல்வில் ஓரி விழாவில் வில்வித்தைப் போட்டி முக்கிய அங்கமாகும். ஓரெய்வில் யானை முதல் உடும்பு வரை வீழ்த்திய ஓரியின் திறத்தை வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். அவனுக்கு வில் பிடிக்கக் கற்பித்தவன் யாரென்று புலவர் சொல்லவில்லை, நாமும் கேட்பதில்லை.

இன்று கேட்டேயாக வேண்டும். வென்ற பிள்ளையின் படம் பத்திரிகையில் வந்துவிடுகிறது. அப்பிள்ளையின் உள்ளம் எந்நிலையில் இருக்கிறதென்பதோ பெரும்பாலும் பயிற்சியாளர் கையில் இருக்கிறது.

கனடா தேசத்து மனோதத்துவ அறிஞர் ராபர்ட் வாலராண்டும் சகாக்களும் 2003-ல் வேட்கையை இருவகையாகப் பிரித்துக் காட்டினர். ஒன்று வாழ்வின் பிற கடமைகளோடு இணங்கி நிற்பது. மற்றொன்று மனிதனையே ஆட்டிவைப்பது. 2011-ல் வெளிவந்த ஆராய்ச்சியில் அவர்கள் பயிற்சியாளர்களைச் சோதித்தபோது, முதல்வகை வேட்கையுடையோர் மாணாக்கருக்குச் சுதந்திரம் தந்து நடத்துவதும், வெறி கொண்டோர் அடக்கியாள முற்படுவதும் புலப்பட்டன. சுதந்திரம் பெற்றவிடத்தில் உறவு செழித்தது. அவ்வுறவில் மாணாக்கர் மகிழ்ச்சியும் வளர்ந்தது. ஆகவே, விளையாட்டின்மேல் உயிரையே வைத்திருக்கிறேன் என்பது மட்டும் ஆசானுக்கு யோக்கியதை ஆகாது.

1997 வரை இம்மலையையும் தன்னுள் கொண்டிருந்த சேலம் ஜில்லாவிலேயே இதற்குத் திருஷ்டாந்தம் உண்டு. சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த ஏழைப் பிள்ளை. அவரைச் சென்னைக்கு அனுப்பி ஆளாக்கியவர் அதே ஊர் ஜெயப்பிரகாஷ். 2015-ல் ரஞ்சி ஆட்டத்தில் இறங்கிய சிறிது காலத்திலேயே, அவர் பந்து வீசும் முறை விதிக்குப் புறம்பானதென்ற ஐயம் எழுந்தது. எத்தனை வாலிபர் அவ்விடத்தில் ஒடிந்து போயிருப்பர்! நடராஜன் முறையைத் திருத்திக்கொண்டு 2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் மீண்டும் களம் கண்டார். 2020 டிசம்பர் முதல் 2021 ஜனவரிக்குள் ஆஸ்திரேலியாவில் மூவகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக ஆடினார். ஐ.பி.எல். ஆட்டங்களில் அவர் சட்டையின் முதுகில் இருந்த பெயர் ‘ஜே.பி. நட்டு’. முதலெழுத்துக்கள் ஜெயப்பிரகாஷுடையவை. அச்சத்தால் பணிந்தவன் தன் பெயருக்கு முன்னே ஆசான் பெயரை எழுதிக்கொள்ள மாட்டான்.

அடியையும் வசையையும் குருபக்தி என்னும் போர்வைக்குள் மறைக்கும் வழக்கம் நம்மிடையே பழையது. 2021-ல் சென்னையில் ஓட்டப்பயிற்சியாளர் ஒருவர் மாணவியர் புகாரின்மேல் கைதானபோதுதான், அவர்கள் எவ்வளவு காலம் வாய்மூடி இருந்தனர் என்பது வெளிவந்தது.

செம்மேட்டில் பரிசு வழங்கும் பெரியோர் அடுத்த ஆடியில், வென்ற பிள்ளையிடம் மட்டுமன்றித் தோற்ற பிள்ளையிடமும் ஒன்று கேட்கட்டும்: அம்பு தவறிய அன்று உன் ஆசான் உன்னிடம் என்ன சொன்னார்?