ஜெயித்த பிறகு வரும் செலவு

அமெரிக்கப் பள்ளி அணிகளுக்கு வெற்றியோடு செலவும் வருகிறது. நியூஜெர்சி பேராசிரியர் சாமுவேல் மிக்லஸின் வகுப்பறைப் புதிர்களிலிருந்து 1978-இல் பிறந்தது 'ஒடிஸி ஆஃப் தி மைண்ட்' போட்டி. ஏழு பேர் வரை கொண்ட அணி, கொடுத்த சிக்கலுக்குத் தானே தீர்வு காண வேண்டும். பெற்றோர் யோசனைகூடச் சொல்லக் கூடாது. பணபலம் ஜெயித்துவிடாதபடி பொருட்செலவுக்கு உச்சவரம்பும் உண்டு. பயணச் செலவுக்குத்தான் வரம்பே இல்லை.

மாநில அளவில் தேர்வாகும் அணிக்கு உலக இறுதிச்சுற்றுவரை கிடைப்பது சில வாரங்களே. அதற்குள் பிள்ளைகள் கார் கழுவுகிறார்கள், கேக் விற்கிறார்கள், கடை கடையாக நன்கொடை கேட்கிறார்கள். வசதியான ஊரில் உண்டியல் சீக்கிரம் நிறைகிறது. ஏழை ஊரிலோ, ஜெயித்த அணியும் வீட்டிலேயே தங்கிவிட நேரலாம். சாமர்த்தியத்தை மட்டும் அளக்க நினைத்த போட்டிக்கு இது இன்னும் தீராத சிக்கல்.