ஜர்ஜீர்: கற்பிட்டி மணலில் ஒரு காரக்கீரை

குவைத்தில் நான் வேலைசெய்த வீட்டில் வெள்ளிக்கிழமைப் பகலுக்கு மீனும் சோறும் என்றால், பக்கத்தில் ஒரு தட்டு நிறையப் பச்சை இலையும் இருக்க வேண்டும். அவிக்கக் கூடாது, நறுக்கவும் கூடாது. கழுவி, தண்டோடு அப்படியே. ஒரு வாய் சோறு, ஒரு கடி இலை. போன புதிதில் குசினிக்குள் நின்று ஒரு இலையை வாயில் போட்டுப் பார்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. மென்று விழுங்கும் நேரத்தில்தான் கடுகை நசுக்கியதுபோலக் காரம் மூக்குக்குள் ஏறியது. "ஜர்ஜீர்" என்று வீட்டுக்காரி பெயர் சொன்னாள்.

ஊர் திரும்பிப் பல வருடங்களுக்குப் பிறகு அதே இலையைக் கற்பிட்டியில் ஒரு சுற்றுலா விடுதியின் சமையலறையில் கண்டேன். பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வரும் வெளிநாட்டுக்காரருக்காக மலைநாட்டிலிருந்து பெட்டியில் வந்திருந்தது. பாதி இலை மஞ்சள் பட்டுப்போயிருந்தது. அங்கே அதன் பெயர் ‘ரொக்கட்’. இத்தாலிக்காரர் ‘ரூகொலா’ என்பார்கள், அமெரிக்கர் ‘அருகுலா’ என்பார்கள். எல்லாம் ஒன்றுதான். புத்தளம் மாவட்டத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் போய்வந்த பெண்கள் பலருக்கு இந்த இலையை யாரும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. விடுதிச் சமையற்காரத் தம்பிக்குத்தான் நான் பெயர் சொன்னதும் ஆச்சரியம்.

"நாங்களே போட்டுத் தந்தா எடுப்பீங்களா?" என்று கேட்டேன்.

"கொண்டுவாங்க ராத்தா, பார்ப்பம்" என்றான்.

இது எந்த வீட்டுப் பிள்ளை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ரொக்கட் கடுகுக் குடும்பம். முள்ளங்கி, கோவா, நோக்கோல் எல்லாம் நெருங்கிய உறவு. பூவைப் பார்த்தால் தெரியும்: சிலுவைபோல நான்கு இதழ், வெளிறிய நிறம், அதில் கருமையான நரம்புகள். மத்தியதரைக் கடலோரம்தான் பூர்வீகம். ரோமர்கள் தின்றார்கள், ஆண்மைக்கு நல்லதென்றும் நம்பினார்கள். அந்தப் பேச்சு அரபு வீடுகளில் இன்றும் பகிடியாக ஓடுகிறது. அதை நம்பி யாரும் விதை வாங்க வேண்டாம். ராஜஸ்தான், பஞ்சாப் பக்கம் இதே செடியைத் ‘தாராமிரா’ என்று விதைக்கிறார்கள். அங்கே இலையைவிட விதையில் ஆட்டும் எண்ணெய்தான் முக்கியம். மழை குறைந்த நிலத்தில் மிச்ச ஈரத்தைக் குடித்து வளரும் பயிர் அது. ஆகவே மலைநாட்டுக் குளிர் இல்லாமல் வராது என்ற பேச்சில் முழு உண்மை இல்லை.

காரம் இலைக்குள் தயாராக இருப்பதில்லை. ஓர் இடத்தில் குளுக்கோசினோலேற்று என்ற கந்தகச் சேர்வை, வேறோர் இடத்தில் அதை உடைக்கும் நொதியம். பூச்சியோ நாமோ கடிக்கும்போது நடுச்சுவர் உடைந்து இரண்டும் கலக்க, அப்போதுதான் காரம் பிறக்கிறது. அவித்தால் நொதியம் செத்துவிடும், காரமும் வராது. முருங்கை வேரின் காரம், பப்பாசி விதையின் காரம், மிஸ்வாக் குச்சியைக் கடிக்கும்போது நாக்கில் ஏறும் காரம் எல்லாம் இதே ஏற்பாடுதான். தாவரவியலில் இவை ஒரே வரிசையில் வருகின்றன. வேளைக்கீரையும் அதில் ஒன்று.

வேளைக்கீரையை நான் மறக்கமாட்டேன். 1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னார்த் தீவிலிருந்து வள்ளத்தில் வந்து கற்பிட்டியில் இறங்கியவர்களில் நாங்களும் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. இங்குள்ள மக்கள் சோறு தந்தார்கள். அதை எங்கேயும் சொல்வேன். ஆனால் கறிக்கு ஒன்றுமில்லாத நாட்களும் வந்தன. உம்மா ஓலைக் கொட்டிலுக்குப் பின்னால் முளைத்த வேளையைக் கிள்ளி, இரண்டு தண்ணீர் மாற்றி அவித்து, தேங்காய்ப்பூ போட்டுச் சுண்டித் தருவா. பக்கத்துக் கொட்டிலுக்குத் தெரியாமல். சிறுபாணாற்றுப்படையில் ஒரு ஏழை வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளையை உப்பில்லாமல் அவித்து, மற்றவர் கண்ணில் படாமல் கதவை அடைத்துவிட்டு வீட்டாரோடு உண்பதாக வருகிறது. பின்னாளில் பாடசாலையில் ரீச்சர் அதைச் சொன்னபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். இப்போது ரொக்கட் இலையை உம்மாவுக்குக் கொடுத்துப் பார்த்தேன். "வேளைட பச்சை மணம் மாதிரித்தான். இதுக்கா காசு தாறாங்க?" என்றா.

முதல் விதைப்பு மார்ச்சில், வெயில் ஏறிவரும் காலத்தில். நாலாம் நாள் முளைத்தது. இலை பெருக்க முன்னமே தண்டு நீண்டு பூத்துவிட்டது. இலை வேப்பிலைபோலக் கசந்தது. வெப்பமும் தண்ணீர்த் தட்டுப்பாடும் சேர்ந்தால் இந்தச் செடி சீக்கிரம் விதை போட்டுவிட அவசரப்படும். அடுத்த முறை மாரிமழை குறைந்த பிறகு, டிசெம்பர் கடைசியில் போட்டேன். நான்கு சின்னப் பாத்தி. விதையை மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லியதாக மண். மதிய வெயிலுக்கு நிழல்வலை. இலையில் ஊசித்துளை போடும் துள்ளு வண்டுக்குப் பழைய நுளம்புவலையே போதுமாக இருந்தது. பசளைக்குப் பக்கத்துத் தோட்டக் காக்காவிடம் கேட்டேன். "கொஞ்சம் யூரியாவை எறிஞ்சு விடு புள்ள, கீரைதானே" என்றார். எறிந்தேன். 25ஆம் நாள் இலை கரும்பச்சையாகப் பளபளத்தது. விடுதித் தம்பி மறுபேச்சில்லாமல் வாங்கினான்.

பிறகுதான் கிணறுகளை ஆராய வந்த ஒரு பல்கலைக்கழக மாணவி எங்கள் கிணற்றுத் தண்ணீரில் காகிதப் பட்டி ஒன்றை நனைத்துக் காட்டினா. வெள்ளைப் பட்டி கடும் ரோசா நிறமானது. "நைத்திரேற்று. 50ஐத் தாண்டிட்டுது" என்றா. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு.

கற்பிட்டிக் குடாநாட்டில் ஆறு கிடையாது. மணலுக்குள் இறங்கிய மழைநீர், கீழே உள்ள உப்புத் தண்ணீருக்கு மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. நாங்கள் குடிப்பதும், வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இறைப்பதும் அந்த ஒரே தண்ணீர். மணல் பசளையைப் பிடித்து வைக்காது. போட்ட யூரியா நைத்திரேற்றாக மாறி, இறைத்த தண்ணீரோடு கிணற்றுக்கே திரும்பும். நெருக்கமான குடியிருப்புகளின் மலசலகூடக் குழிகளும் தங்கள் பங்கைச் சேர்க்கும். 1980களிலிருந்தே ஆய்வாளர்கள் இதை எழுதிவருகிறார்கள். வலிகாமத்துக் கிணறுகளைப் பற்றி யாழ்ப்பாணத்து வாசகர்கள் கேள்விப்பட்டதும் இதே கதைதான். அங்கே மணலுக்குப் பதில் சுண்ணக்கல்.

இதில் ரொக்கட்டுக்கு என்ன வேலை? நைத்திரேற்றை இலைக்குள் சேர்த்து வைப்பதில் கீரைகளிலேயே அது முன்வரிசை. ஐரோப்பிய ஒன்றியம் இதற்கென்றே உச்ச அளவு வைத்திருக்கிறது: பச்சை ஸ்பினாச்சுக்குக் கிலோவுக்கு 3,500 மில்லிகிராம், ரொக்கட்டுக்குக் கோடையில் 6,000, குளிர்காலத்தில் 7,000. கீரையின் குணத்துக்கு விட்டுக்கொடுத்த அளவு என்றுதான் எனக்குப் படுகிறது. ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 3.7 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது சர்வதேச நிபுணர் குழு ஏற்ற அளவு. 60 கிலோ ஆளுக்கு 222 மில்லிகிராம். 6,000 இருக்கும் இலையென்றால் 37 கிராமிலேயே அது நிறைந்துவிடும். ஒரு சலாட் தட்டுக்கே போதாத இலை.

பயப்பட்டுக் கீரையை விட்டுவிடச் சொல்லவில்லை. சுகமாக இருக்கும் பெரியவர்களுக்குக் கீரையால் வரும் நன்மைதான் பெரிது. பயப்பட வேண்டியது போத்தலில் பால்மா குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு, அதிலும் ஆறு மாதத்துக்கு உட்பட்டவர்களுக்கு. நைத்திரேற்று கூடினால் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோக முடியாமல், பிள்ளை நீலம் பாரிக்கும். தண்ணீரைக் கொதிக்கவைத்தால் சரி என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். கொதித்தாலும் நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு கூடும். இதை இந்தக் கரையோரத்தில் ஒவ்வொரு தாய்க்கும் யாராவது சொல்லியிருக்க வேண்டும். எனக்கு ஒரு கீரைப் பாத்தியால்தான் தெரிந்தது.

இப்போது யூரியா இல்லை. நன்றாக உக்கிய மாட்டெரு, அதுவும் அளவாக. கூரைத் தண்ணீரை இரண்டு பீப்பாயில் பிடித்து அதையே ஊற்றுகிறேன். செடி நைத்திரேற்றைப் புரதமாக மாற்றுவதற்கு வெளிச்சம் வேண்டும். அதனால் நிழல்வலையை மதியம் தாண்டியதும் சுருட்டிவிடுகிறேன். விடியற்காலையில் பறித்தால் இலை மொறுமொறுவென்று இருக்கும், ஆனால் பகல் முழுக்க வெயில் பட்ட பின் பின்னேரத்தில் பறித்தால் நைத்திரேற்று குறைவு. வாடாமல் இருக்கத் தண்ணீர்ப் பாத்திரத்தில் நிறுத்திவைக்க வேண்டும். தண்டில்தான் அது அதிகம் சேரும் என்பதால் இலையை மட்டும் கிள்ளுகிறேன். குவைத்துக்காரி பார்த்தால் ஏசுவாள்.

போன கிழமை விடுதித் தம்பி கட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன ராத்தா, இலை வெளிறிக் கிடக்கு?" என்றான். ஒன்றைத் தின்னச் சொன்னேன். மென்றான். சற்று நேரத்தில் மூக்கைத் தேய்த்தான்.

"கிழமைக்கு இருபது கட்டு ஏலுமா?"

"எட்டு. கிணத்துத் தண்ணியை ஊத்தினா இருபது வரும். ஆனா எட்டுத்தான் தருவன்."