மூன்றாம் நாளைத் தாண்டும் குஞ்சு

திருவிழாக் கடைகளிலும், சைக்கிளில் கூடை கட்டி வரும் வியாபாரியிடமும் பச்சை, ஊதா, ரோஜா நிறங்களில் கீச்சிடும் கோழிக்குஞ்சுகளை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். அவற்றுள் ஒன்றை வாங்கித் தரும்படி ஒரு முறையேனும் அடம் பிடிக்காத சிறுமி நம் பள்ளியில் அரிது. வாங்கி வந்த முதல் நாள் வீடே அதைச் சுற்றி நிற்கும். இரண்டாம் நாள் பெயர் சூட்டு விழா நடக்கும். மூன்றாம் நாள் காலையில் அட்டைப் பெட்டியின் மூலையில் அது விறைத்துக் கிடக்கும். அழுகிற பிள்ளையிடம் பெரியவர்கள், “அதெல்லாம் தங்காதும்மா, அதன் ஆயுசு அவ்வளவுதான்” என்று சொல்லிக் கொல்லையில் புதைத்துவிடுவார்கள். உண்மையிலேயே அதன் ஆயுசு அவ்வளவுதானா? அன்று என்பதே எங்கள் கருத்து. காரணத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

எளிதில் மடியக்கூடிய சிறு உயிரொன்றைத் துணையாக வைத்துக் காப்பது விளையாட்டுகளிலும் கூட வரும் விஷயம். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்றொரு கற்பனை விளையாட்டை வெளியிட்டனர். ஆடுகிறவர் ஒவ்வொருவரும் வீரனாகவோ மந்திரவாதியாகவோ வேடமேற்றுக் கதையை நகர்த்திச் செல்ல வேண்டும். வேலூர்க் கோட்டைக்குள் புகுந்த இளவரசி என்று நாமாகக் கதை கட்டி ஆடுவதில்லையா? அதற்கே எண்களும் பகடைகளும் சட்டங்களும் வைத்தது போன்றது. அதில் மந்திரவாதிக்குப் பூனை, ஆந்தை, காகம் என்று ஒரு துணைப்பிராணி கிடைக்கும். 1978-ல் வந்த சட்டப் புத்தகப்படி அதன் உயிர்ப்புள்ளிகள் இரண்டு முதல் நான்கு வரைதான். அது இறந்தாலோ, அதைப்போல் இரு மடங்கு உயிர்ப்புள்ளிகளை மந்திரவாதி நிரந்தரமாக இழப்பான். ஆகவே அனுபவசாலிகள் துணைப்பிராணியைச் சண்டையின் முன்வரிசைக்குக் கொண்டு போகமாட்டார்கள். சட்டைப் பைக்குள் ஒளித்து வைப்பார்கள். புதிதாக ஆட வந்தவர்களோ ஆசைப்பட்டு முன்னே அனுப்பிவிட்டுப் பறிகொடுப்பார்கள். 2014-ல் சட்டத்தை மாற்றிவிட்டனர். ஆந்தைக்கு உயிர்ப்புள்ளி ஒன்றே ஒன்று. ஆனால் அது மடிந்தால் பத்துப் பொற்காசு பெறுமான கரியும் தூபமும் மூலிகையும் எரித்து, ஒரு மணி நேரம் மந்திரம் ஓதினால் மீண்டும் வந்துவிடும். பழைய சட்டமே எங்களுக்குப் பிடித்திருக்கிறது. கோழிக்குஞ்சின் விஷயத்தில் நடைமுறையில் இருப்பதும் அதுதான்.

இனிக் குஞ்சுக்கு வருவோம். முட்டையிடும் இனக் கோழிகளைப் பெருக்கும் குஞ்சு பொரிப்பகங்களில் 21 நாள் அடைக்குப் பின் பெட்டைகளும் சேவல்களும் ஏறக்குறைய சம அளவில் பொரிக்கின்றன. முட்டைப் பண்ணைக்குப் பெட்டை மட்டுமே வேண்டும். சேவல் முட்டை இடாது. கறிக்கோழி இனம் போல விரைவில் சதையும் போடாது. ஆகவே அது பொரித்த அன்றே வேண்டாத பொருளாகிவிடுகிறது. அவ்வாறு கழிக்கப்பட்டவைதாம் சொற்ப விலைக்குக் கைமாறி, சாயம் பூசப்பட்டு, கூடையில் ஏறி நம் தெருவுக்கு வருகின்றன. சாயம் இளம் தூவியில்தான் நிற்கும். இறகு முளைக்க முளைக்க உதிர்ந்து போகும். நனைத்த உடம்பு காயுமுன் குஞ்சு எவ்வளவு நடுங்கியிருக்கும் என்பதை வாங்குகிற நாம் பார்ப்பதில்லை. விற்பவரும் வயிற்றுப் பாட்டுக்கு விற்கிறார்; அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

ஏன் மூன்றாம் நாள் சாகிறது? இதில்தான் ஓர் அழகான ரகசியம் இருக்கிறது. முட்டையை விட்டு வெளிவருமுன் குஞ்சு, மிச்சமிருக்கும் மஞ்சட்கருவைத் தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அந்தக் கட்டுச்சோற்றைக் கொண்டு இரண்டு மூன்று நாள்கள் தீனியும் தண்ணீரும் இல்லாமல் அதனால் உயிர் வாழ முடியும். அடையிலுள்ள எல்லா முட்டைகளும் ஒரே நேரத்தில் பொரிப்பதில்லை அல்லவா? கடைசிக் குஞ்சு வரும் வரை தாய்க்கோழி எழுந்திராது. முந்திப் பிறந்தவை அதுவரை பசியாமல் காத்திருக்கவே இறைவன் இந்த ஏற்பாட்டைச் செய்திருக்கிறார். ஒரு நாள் குஞ்சுகளை லாரியிலும் ரயிலிலும் வெகுதூரம் அனுப்ப முடிவதும் இதனால்தான். நம்மை ஏமாற்றுவதும் இதுவே. பெட்டியில் போட்ட குஞ்சு நொய்யைக் கொத்தாவிட்டாலும், தண்ணீர் குடிக்காவிட்டாலும், முதல் நாள் துள்ளிக்கொண்டுதான் இருக்கும். “நன்றாகத்தானே இருக்கிறது!” என்று நாம் நினைக்கிறோம். கட்டுச்சோற்றில் பாதி கூடையிலேயே தீர்ந்துவிட்டதென்பது நமக்குத் தெரியாது. அது தீரும் நாளில் குஞ்சு சாய்ந்துவிடுகிறது.

இதனினும் பெரிய எதிரி குளிர். வளர்ந்த கோழியின் உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியசுக்கு மேல். குஞ்சுக்கோ முதல் இரண்டு மூன்று வாரங்கள் தன் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் போதாது; அதன் மெல்லிய தூவி குளிரைத் தாங்காது. முதல் வாரத்தில் அதைச் சுற்றி ஏறக்குறைய 35 டிகிரி வெப்பம் இருக்க வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். மத்தேயு நற்செய்தியின் 23-ஆம் அதிகாரத்தில், எருசலேமுக்காக வருந்தும் ஆண்டவர் தம் அன்பைக் குஞ்சுகளை இறக்கைக்குள் சேர்க்கும் கோழிக்கு ஒப்பிடுகிறார். மறைக்கல்வி வகுப்பில் அதைப் பாதுகாப்பு என்ற பொருளில் படித்திருக்கிறோம். குஞ்சு வளர்ப்பவருக்கு அது வெப்பமானியின் கணக்காகவும் தெரியும்.

நம் எளாவூர்ப் பக்கம் சித்திரை, வைகாசியில் பகல் வெயிலே 35 டிகிரியைத் தாண்டிவிடும். அப்போது பகலில் விளக்குத் தேவையில்லை, நிழல்தான் தேவை. ஐப்பசி, கார்த்திகை மழையிலும், மார்கழிப் பனியிலும் நிலைமை வேறு. கடற்காற்று ஈரத்தைச் சுமந்து வரும். தரையில் வைத்த அட்டைப் பெட்டி விடிவதற்குள் குளிர்ந்துவிடும். “விளக்குப் போட்டிருந்தோமே, ஆனாலும் செத்துவிட்டதே!” என்று கேட்பவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது, எந்த விளக்கு என்பதுதான். இப்போது வீடுகளில் இருப்பவை எல்.இ.டி. விளக்குகள். அவை கொடுக்கும் சூடு மிகக் குறைவு; மின்சாரம் மிச்சமாவதே அதனால்தான். குஞ்சுக்கு வேண்டியது பழைய இழை பல்பு. நாலைந்து குஞ்சுகளுக்கு நாற்பது வாட் பல்பு ஒன்று போதும். பெட்டியின் ஒரு கோடியில், அட்டையிலோ துணியிலோ படாமல், குஞ்சு எட்டாத உயரத்தில் அதைத் தொங்கவிட வேண்டும். தீப்பிடிக்கும் ஆபத்து உண்டாகையால் இதைப் பெரியவர்களே செய்வது நல்லது. மறு கோடி குளிர்ச்சியாக இருக்கட்டும்.

வெப்பமானி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். குஞ்சுகளே வெப்பமானி. விளக்கின் அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, விடாமல் கத்தினால் குளிர்கிறது என்று பொருள். விளக்கை விட்டு விலகி, அலகைத் திறந்து மூச்சு வாங்கி, இறக்கையைத் தொங்கவிட்டால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கமாக ஒண்டினால் எதிர்ப்பக்கத்து இடுக்கிலிருந்து காற்று வருகிறது. பரவலாகப் படுத்து, மெல்ல முனகிக்கொண்டிருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. நள்ளிரவில் மின்சாரம் நின்றுவிட்டால் என்ன செய்வது? வெந்நீர் நிரப்பி இறுக மூடிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தால் இரண்டு மணி நேரம் ஒப்பேற்றலாம்.

வாங்கி வந்ததும் தீனியைவிடத் தண்ணீரே முதல் தேவை. சிறிது வெல்லம் கரைத்த வெதுவெதுப்பான நீரில் அதன் அலகு நுனியை மெல்லத் தொட்டு எடுத்தால், பிறகு தானே குடிக்கக் கற்றுக்கொள்ளும். ஆழமான கிண்ணம் ஆகாது. கால் அங்குலத் தண்ணீரில் விழுந்து நனைந்தாலும் குஞ்சு குளிரில் இறந்துவிடும். மூடி போன்ற தட்டையான பாத்திரத்தில் கூழாங்கற்களைப் பரப்பி, இடையில் நீர் ஊற்ற வேண்டும். தீனிக்குக் கடையில் கிடைக்கும் குஞ்சுத் தீவனமே சிறந்தது. வெறும் நொய் வயிற்றை நிரப்பும். ஆனால் இறகும் எலும்பும் வளர்வதற்கான புரதம் அதில் போதாது. நம் பாட்டிமார்களுக்கு இது தெரிந்திருந்தது. பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, வைக்கோல் இவற்றை அடைத்து, நீர் தெளித்து, கறையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைப்பார்கள். மறுநாள் காலையில் பானை நிறையக் கறையான் இருக்கும். அதைத் தட்டிக் கொட்டினால் குஞ்சுகள் பாய்ந்து வருவதைப் பார்க்க வேண்டுமே!

அடுத்ததாகச் சொல்ல வேண்டியது நம் கைகளைப் பற்றி. கூறுவதற்குக் கசப்பாக இருந்தாலும், அன்பினாலேயே நாம் பல குஞ்சுகளைக் கொன்றுவிடுகிறோம். காலையில் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காட்ட ஒரு தடவை, பள்ளி விட்டதும் தோழிக்குக் காட்ட ஒரு தடவை, படம் எடுக்க ஒரு தடவை என்று விளக்கடியிலிருந்து தூக்கிக்கொண்டே இருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் அதன் உடம்பு குளிர்கிறது. தின்னும் நேரமும் தூங்கும் நேரமும் குறைகிறது. இறுகப் பிடித்தால் மூச்சும் முட்டும். மார்பை விரித்துத்தான் பறவை மூச்சு விடும். விளையாட்டில் துணைப்பிராணியை முன்வரிசைக்கு அனுப்புகிற புதியவர்கள் செய்வதும் இதைத்தானே! முதல் வாரத்தில் தூக்குவது குஞ்சின் பின்புறத்தைப் பார்ப்பதற்காக மட்டும் இருக்கட்டும். எச்சம் ஒட்டிக் காய்ந்து வழி அடைத்திருந்தால், வெந்நீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்துத் துடைத்து, ஈரம் காயும் வரை கதகதப்பில் வைக்க வேண்டும். தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவுவது நம் நலனுக்கு. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகள் நலமாகத் தோன்றும் குஞ்சிடமும் இருக்கக்கூடும். முத்தம் கொடுப்பது வேண்டவே வேண்டாம்.

ஒரே ஒரு குஞ்சை வாங்குவதும் தவறு. கூட்டத்தில் ஒட்டிப் படுத்துச் சூடேற்றிக்கொள்ளும் பிறவி அது. தனியாக விட்டால் நாள் முழுதும் கத்திக் கத்தியே களைத்துவிடும். பிறந்த ஓரிரு நாள்களுக்குள் கண்முன் நடமாடும் உருவத்தைத் தாயாக ஏற்று அதன் பின்னே செல்லும் இயல்பு கோழிக்கும் வாத்துக்கும் உண்டு. ஆஸ்திரிய நாட்டு அறிஞர் கொன்ராட் லோரென்ஸ் 1935-ல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். வாத்துக் குஞ்சுகள் அவரையே தாயென எண்ணி வரிசையாகத் தொடர்ந்த புகைப்படங்கள் உலகப் புகழ் பெற்றவை. 1973-ல் வேறு இருவருடன் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆகவே நம் காலடியில் ஓடிவரும் குஞ்சு வேடிக்கை காட்டவில்லை. நம்மைத் தாய் என்றே நம்பி வருகிறது. காலைப் பார்த்து வைக்க வேண்டும்.

இத்தனையும் செய்து முதல் வாரம் தாண்டியதும் நோய் குறுக்கிடும். அவற்றுள் கொடியது வெள்ளைக் கழிச்சல். 1926-ல் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் அடையாளம் காணப்பட்ட இந்நோய், பிறகு குமாவோன் மலையிலுள்ள ரானிகேத்தில் காணப்பட்டதால் நம் நாட்டில் ‘ரானிகேத் நோய்’ எனப் பெயர் பெற்றது. வந்தபின் மருந்து கிடையாது. ஏழாம் நாள் வாக்கில் கண்ணிலோ மூக்கிலோ விடும் ஒரு சொட்டுத் தடுப்பு மருந்தே காவல். பின்னர் மீண்டும் போட வேண்டும். அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டால் எப்போது போடுவார்கள் என்று சொல்வார்கள். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கொடுப்பதை நாங்கள் பழிக்கவில்லை. ஆனால் தடுப்பு மருந்துக்கு அது ஈடாகாது. மூன்றாம் வாரத்துக்குப் பின் எச்சத்தில் இரத்தம் தெரிந்தால் அது ரத்தக் கழிச்சல். ஈரமான உமியில் பெருகும் நோய் அது. உமியை உலர்வாக வைத்து நனைந்ததை உடனே அள்ளிக் கொட்டுவதே தடுக்கும் வழி. மாதவரத்தில் 1989-ல் அமைந்த தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நம் மாவட்டத்தாருக்குத் தொலைவில் இல்லை. கோழி வளர்ப்பைத் தொழிலாகவே கொள்ள விரும்பும் பெற்றோர் அங்கே பயிற்சி பற்றி விசாரிக்கலாம்.

காகம், பூனை, கீரி, பெருச்சாளி ஆகியவற்றைப் பற்றி எல்லாரும் அறிவர். பெட்டிக்கு வலை மூடியும், வெளியே மேய விடும்போது பஞ்சாரமும் இருந்தால் போதும். எறும்பை மட்டும் மறந்துவிடுவோம். வெல்ல நீர் சிந்திய இடத்தில் அது இரவோடு இரவாக மொய்த்துவிடும்.

நாலைந்து வாரத்தில் பச்சையும் ரோஜாவும் மறைந்து, பெரும்பாலும் வெள்ளை இறகு மூடிவிடும். விளக்கு இனி வேண்டாம். சில வாரங்களில் கொண்டை சிவந்து தலை நிமிரும். ஒரு நாள் விடியுமுன், தொண்டை கட்டிய குரலில் அது கூவிப் பார்க்கும். முன்பே சொன்னபடி இக்குஞ்சுகள் பெரும்பாலும் சேவல்கள். வரிசை வீட்டில் குடியிருப்போர், இரவு வேலை முடித்துத் திரும்பி உறங்குவோர் உள்ள தெருவில் இது தினமும் நடக்கும். ஆகவே, கூடைக்காரரை நிறுத்துமுன்பே தோட்டமுள்ள உறவினர் எவரேனும் அந்தச் சேவலை ஏற்றுக்கொள்வாரா என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. அவர் வீட்டில் அது கறிக்கா, காவலுக்கா என்பதையும் சேர்த்தே கேட்டுவிட வேண்டும்.