பழைய லாரியில் அணைந்தணைந்து எரியும் விளக்கு

நெல் மூட்டைகளுடன் இரவில் செல்லும் பழைய லாரியின் முன்விளக்கு திடீரென அணைந்து, வண்டி குலுங்கியதும் மீண்டும் எரிவதுண்டு. உயிருக்கே ஆபத்தான இக்குறைக்குப் பாட்டரியே காரணமென்று கருதிக் குடியானவர்கள் புதியது வாங்குவது பெரும்பாலும் வீண் செலவாகும். வந்து வந்து மறையும் கோளாறு அநேகமாக இணைப்புகளிலேயே இருக்கும்.

பாட்டரியின் ஒரு முனை லாரியின் இரும்புச் சட்டத்துடன் இணைக்கப்பட்டிருக்கிறது. இதற்கு எர்த் என்று பெயர். விளக்கிற்குச் சென்ற மின்சாரம் சட்டத்தின் வழியாகவே திரும்புகிறது. அவ்விணைப்பில் துரு ஏறினால் மின்சாரம் தடைப்படும். ஆகையால், முதலில் பாட்டரி வயரைக் கழற்றிவிட்டு, எர்த் இணைப்புகளை உப்புத்தாளால் பளபளக்கும்வரை தேய்த்து, மீண்டும் இறுக முடுக்க வேண்டும்.

அதன் பின்னும் குறை தீராவிடில், பாட்டரியின் வோல்ட்டுக்கு ஏற்ற சிறு பல்பு ஒன்றில் இரண்டு நீண்ட வயர்களைச் சேர்த்துக்கொள்க. ஒன்றைப் பாட்டரியின் எர்த் முனையிலும், மற்றதைச் சுவிட்சுக்கும் விளக்குக்கும் நடுவிலுள்ள இணைப்பிலும் மாட்டி, விளக்கைப் போட்டு, வண்டியின் வயர்களை ஒவ்வோரிடமாக அசைக்க வேண்டும். பல்பும் விளக்கும் ஒருங்கே அணைந்தால் குறை அவ்விடத்திற்கும் பாட்டரிக்கும் இடையில் உள்ளது. விளக்கு மட்டும் அணைந்தால் அதற்கு அப்பால் உள்ளது. இவ்வாறு பாதி பாதியாகக் குறுக்கிச் சென்றால் பழுதான இடம் அகப்பட்டுவிடும். தகட்டுத் துளைகளில் வயர் உராயுமிடங்களை விசேஷமாகக் கவனித்தல் வேண்டும்.

பியூஸ் அடிக்கடி எரிந்துபோனால், அதற்குப் பதிலாகத் தடித்த கம்பியைக் கட்டுதல் கூடவே கூடாது. பியூஸ் எரியாவிடில் வயர் எரியும். ஏற்றிய வைக்கோலும் அத்துடன் எரிந்துவிடக்கூடும்.