உங்களுக்குத் தெரியுமா? – பில்லைக் குறைக்காத ‘பவர் சேவர்’

“பிளக்கில் செருகினால் கரண்ட் பில் பாதியாகும்” என்று விற்கப்படும் பெட்டியைப் பிரித்தால், பெரும்பாலும் ஒரு கெப்பாசிட்டரும் எல்இடி விளக்குமே இருக்கும்.

● கெப்பாசிட்டர் ‘பவர் ஃபேக்டரை’, அதாவது பெறும் மின்சாரத்தில் பயனுள்ள வேலைக்கு ஆகும் விகிதத்தை, உயர்த்தும். அது குறைந்தால் மோட்டார்கள் நிறைந்த ஆலைகளுக்கு அபராதம் உண்டு, வீடுகளுக்கு இல்லை.

● சங்கரன்கோவிலானாலும் சென்னையானாலும், வீட்டு பில் செலவான யூனிட்டுக்கே. பெட்டி அதைக் குறைக்காது.

● பில் உண்மையில் குறைய வேண்டுமானால் குறைந்த வாட் சாதனமே வழி: 75 வாட் மின்விசிறிக்குப் பதில் 28 வாட் பிஎல்டிசி மின்விசிறியைத் தினமும் 10 மணி நேரம் ஓட்டினால், இரண்டு மாதத்தில் சுமார் 28 யூனிட் மிச்சம்.

● கூரை மின்விசிறிகளுக்கு நட்சத்திர முத்திரை 2023 ஜனவரி முதல் கட்டாயம். வாங்கும்போது அதைப் பாருங்கள், பெட்டியை நம்பாதீர்கள்.