பழைய காரை வீட்டைத் தாமே பழுதுபார்த்தல்

செங்கற்பட்டு ஜில்லாவின் கடலோரத்தில், கோவளம் முதல் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரையிலும் அதற்குத் தெற்கேயுள்ள கிராமங்களிலும், செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாய்க் கட்டிய பழைய வீடுகள் இன்னும் சில நிற்கின்றன. இவற்றை இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் கட்டுவதே மேல் என்னும் எண்ணம் ஜனங்களிடையே வலுத்திருக்கிறது. இடிக்க மனமில்லாதவர்களோ, சுவரின்மேல் சிமெண்டைப் பூசித் திருப்தியடைகிறார்கள். இவ்விரண்டில் பின்னது வீட்டுக்கு நன்மை போலத் தோன்றினும், அதுவும் இடிப்பதற்கு ஒரு வழியே. சற்றுத் தாமதமான வழி, அவ்வளவுதான்.

பாட்டனார் காலத்து மெத்தை வீடு ஒன்று ஒரு தம்பதிகளுக்குப் பாகமாய் வந்ததென்று வைத்துக்கொள்வோம். கையிருப்பு சொற்பம், கொத்தன் கூலியோ அதிகம். ஆகையால் விடுமுறை நாட்களில் தாங்களே வேலை செய்யத் துணிகிறார்கள். அவர்கள் செய்யக்கூடியது எவ்வளவு, தொடலாகாதது எது என்பதை இங்கே விளக்குவோம்.

கரண்டியைக் கையில் எடுக்குமுன் ஒரு மழைக்காலம் முழுவதும் வீட்டைக் கவனித்திருப்பது உத்தமம். ஐப்பசி மழையில் ஒருவர் மெத்தைமேல் நீர் தேங்குமிடங்களைப் பார்க்கட்டும். மற்றவர் கீழே அறை அறையாய்ச் சென்று, ஈரம் தோன்றுமிடத்தில் கரிக்கோட்டால் குறியிட்டுத் தேதியும் எழுதட்டும். சுவரின் அடியிலிருந்து இடுப்பளவு வரை ஈரமாயிருந்தால் அது தரையிலிருந்து ஏறும் ஓதம். மேலிருந்து கறை இறங்கினால் தளத்தில் விரிசல் உண்டு. ஜன்னலைச் சுற்றி மட்டும் நனைந்தால் அது சாரல். மூன்றுக்கும் சிகிச்சை வெவ்வேறு. ஓதத்துக்குப் பெரும்பாலும் காரணம் சுவரில் இல்லை, வெளியே இருக்கிறது. தெருவுக்குச் சாலை போடுந்தோறும் மட்டம் உயர்ந்து, பழைய வீடு பள்ளத்தில் இறங்கிவிடுகிறது. கொல்லை மண்ணும் வருஷந்தோறும் சுவரோரம் சேர்கிறது. அம்மண்ணை வெட்டியெடுத்து, நீர் சுவரைவிட்டு விலகியோடும்படி சரிவு அமைப்பதற்கு மண்வெட்டியும் கூடையும் இருந்தால் போதும். பாதி வீடு இதிலேயே குணமடைந்துவிடும்.

இனி சிமெண்டைப் பற்றிச் சொல்லவேண்டும். கடலோரத்துச் செங்கற்சுவரில் உப்பு எப்பொழுதும் உண்டு. காற்றிலும் நிலத்திலுமிருந்து ஈரத்தோடு சுவருக்குள் புகுந்த உப்பு, அந்த ஈரம் ஆவியாகுமிடத்தில் படிகமாய் உறையும். படிகம் வளரும்போது தன்னைச் சுற்றியுள்ள துவாரங்களை நெம்பி உடைக்கிறது. காரைப் பூச்சு நுண்ணிய துளைகளுள்ளது. ஈரம் அதன் வழியே வெளியேறும், உப்பும் அதன் முகப்பிலேயே பூக்கும். சில வருஷங்களில் காரை பொரிந்து உதிரலாம். ஆனால் செங்கல் பிழைக்கும். சிமெண்டுப் பூச்சோ ஈரத்தை எளிதில் விடாது. உள்ளே அடைபட்ட ஈரம் மேலும் உயரே ஏறுகிறது. உப்பு பூச்சுக்குப் பின்னே உறைகிறது. ஒருநாள் சிமெண்டு பலகை பலகையாய்க் கழன்று விழும்போது செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டே விழுகிறது. "சிமெண்டு பூசியும் நிற்கவில்லையே" என்று வருந்தி, மறுபடியும் அதையே இன்னும் கனமாய்ப் பூசுபவர்களும் உண்டு!

உப்பை எடுப்பதற்கு வழி மாமல்லபுரத்திலேயே இருக்கிறது. அங்குள்ள கடற்கரைக் கோயிலின் கல்லில் ஏறும் உப்பைத் தொல்பொருள் இலாகாவினர் காகிதக் கூழைக்கொண்டு நீக்கி வருகிறார்கள். காகிதத்தை நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கிச் சுவரில் கனமாய் அப்பிவிட்டால், கூழின் நீர் உள்ளே சென்று உப்பைக் கரைக்கும். கூழ் வெளிப்புறமாய் உலரும்போது அந்த உப்புநீரை உறிஞ்சிக்கொள்ளும். உலர்ந்த கூழை உரித்து, வீட்டுக்கு அப்பால் எறிந்துவிட வேண்டும். இவ்விதம் இரண்டு மூன்று தடவை செய்யலாம். பழைய சிமெண்டைச் சிற்றுளியால் மெதுவாய்ப் பெயர்த்த பிறகு இதைச் செய்வது தம்பதிகளுக்கு ஏற்ற வேலை; பொறுமையே இதற்கு மூலதனம். ஆனால் ஓதத்தின் வழியை முன்னமே அடைத்திராவிட்டால் உப்பு மீண்டும் வந்துவிடும்.

சுண்ணாம்பு என்றால் வெற்றிலைக்குரியது மட்டுமே என்று எண்ணும் காலம் வந்துவிட்டதால், அதன் வரலாற்றைச் சிறிது கூறுவோம். சுண்ணாம்புக் கல்லையோ கடற்கிளிஞ்சலையோ காளவாயில் சுமார் 900 டிகிரி சென்டிகிரேடில் சுட்டால், அதிலுள்ள கரியமில வாயு நீங்கி, சுத்தமான சரக்கில் 100 பங்கு எடை 56 பங்காய்க் குறைகிறது. இச்சுட்ட சுண்ணாம்பை நீற்றிப் பூசினால், காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல மெல்லத் திரும்பப் பெற்று மறுபடியும் கல்லாகிறது. 18-ஆம் நூற்றாண்டில் சென்னைக்கு வந்த ஐரோப்பியர், பளிங்கென்று மயங்கிய வெண்சுவர்கள் கிளிஞ்சல் சுண்ணாம்பினால் ஆனவையே.

நீற்றும்போது தண்ணீரில் சுண்ணாம்பை இடவேண்டுமேயன்றி, சுண்ணாம்பின்மேல் தண்ணீரை ஊற்றலாகாது. அது கொதித்துச் சிதறும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடியும் கையுறையும் அணிந்து, குழந்தைகளை விலக்கிவைத்து, பக்கத்தில் ஒரு குடம் சுத்த ஜலம் வைத்துக்கொள்ள வேண்டும். நீற்றியதைச் சில வாரங்களாவது நீருக்குள் ஊறவிட்டு, பிறகு ஒரு பங்குக்கு இரண்டரை அல்லது மூன்று பங்கு ஆற்றுமணல் சேர்த்து நன்றாய் அரைத்துக் குழைக்கலாம். கடல்மணல் கூடவே கூடாது. உப்புக் கிணற்று நீரும் ஆகாது. கடுக்காய் ஊறிய நீரும் சிறிது வெல்லமும் சேர்ப்பது நம் பெரியோர் வழக்கம். வெல்லத்திலுள்ள சர்க்கரை சுண்ணாம்பை நீரில் மிகுதியாய்க் கரையச் செய்யும், ஆனால் அளவு மிஞ்சினால் காரை இறுகாது. சுவரை நன்றாய் நனைத்த பிறகே, ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேற்படாமல் பூசவேண்டும்.

தளத்தின் விஷயம் வேறு. மதராஸ் டெரஸ் என்னும் பழைய மெத்தையில், தேக்குக் கைமரங்களின்மேல் சிறிய மெல்லிய செங்கற்களைக் குத்துக்கல்லாய் மூலைவாட்டத்தில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டு, கடுக்காய்-வெல்ல நீர் தெளித்தபடியே ஸ்திரீகள் வரிசையாய் அமர்ந்து நாட்கணக்கில் மரக்கட்டையால் தட்டி இறுக்குவார்கள். மேலே தட்டோடு பதிப்பார்கள். தட்டோடுகளிடையே உள்ள விரிசலைக் காரையால் அடைப்பதும், முளைத்த அரசங்கன்றை வேரோடு அகற்றுவதும் வீட்டார் செய்யலாம். கைமரத்தை மட்டும் தாமே தொடவேண்டாம். அது சுவருக்குள் புதைந்திருக்கும் முனையிலேயே முதலில் உளுத்துப்போகும். கரையானும் அங்கேதான் ஏறும். ஊசியால் குத்திப் பார்த்து மெத்தென்று இறங்கினால், முட்டுக் கொடுக்கத் தெரிந்த தச்சரை அழைக்கவேண்டும். மின்சாரக் கம்பி வேலையும் அப்படியே.

மாமல்லபுரத்தில் வசிப்போர் சட்டத்தையும் அறிந்திருத்தல் அவசியம். 2010-ஆம் வருஷத் திருத்தச் சட்டப்படி, மத்திய சர்க்காரின் பாதுகாப்பிலுள்ள புராதனச் சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக்கட்டடம் எழுப்பக்கூடாது. ஆனால் 1992 ஜூன் 16-க்கு முன்பிருந்தே உள்ள வீட்டை, உரிய அதிகாரியிடம் மனுச்செய்து அனுமதி பெற்றுப் பழுதுபார்க்கலாம். இதையறியாமல் பயந்து வீட்டைப் பாழாக விடுபவரும், அறியாமலே வேலையைத் தொடங்கி நோட்டீசு வாங்குபவரும் இருவருமே நஷ்டப்படுகிறார்கள்.

புத்தகத்தில் படிப்பதைவிடக் கண்ணால் காண்பது மேல். முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தக்ஷிணசித்ராவில், தென்னாட்டின் பல பகுதிகளில் இடிக்கப்படவிருந்த பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து, மரபறிந்த தொழிலாளரைக்கொண்டு மீண்டும் நிறுத்தியிருக்கிறார்கள். அதன் அமைப்பை வகுத்த லாரி பேக்கரும், வைத்தியரான அவர் மனைவி எலிசபெத்தும் 1948-இல் மணம் செய்துகொண்டு, இமயமலைப் பகுதியிலுள்ள பிதோராகட்டில் குடியேறி, தங்கள் வீட்டையும் ஆஸ்பத்திரியையும் அவ்வூர்க் கல்லையும் மரத்தையும் கொண்டே அமைத்தவர்கள். இங்கிலாந்தில் கட்டடக்கலை படித்த பேக்கர், மலைக்குடியானவரின் வீடுகளைக் கண்டு தம் படிப்பைத் திருத்திக்கொண்டதாகச் சொல்லுவார்.

வேலையைத் தை பிறந்தவுடன் தொடங்கலாம். பங்குனிக்குமேல் வெயில் உக்கிரமாகிவிடும். அதற்கு முன்பாகவே வெளிப்பூச்சை முடிக்கவேண்டும். ஏனெனில் காரை மெதுவாய் உலர்ந்தால்தான் இறுகும், சட்டென்று காய்ந்தால் வெடித்துவிடும். பூசிய சுவரின்மேல் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டுக் காலை மாலை நீர் தெளித்துவரலாம். உள்வேலையைக் கோடையில் நிழலில் செய்துகொண்டு, வெள்ளையடிப்பை மாத்திரம் புரட்டாசிக்கு முன் முடித்துவிட்டால், ஐப்பசி மழை வரும்போது சுவர்களில் சென்ற வருஷத்துக் கரிக்குறிகள் இருந்த இடங்களை மறுபடியும் சென்று பார்க்கலாம்.